சவுக்கு வெட்டிய மணலில் தண்ணீர் இறங்கவில்லை: இலை மெழுகு மண்ணில் என்ன ஆகிறது?

கேள்வி, 4 ஜூன் 2023

அக்கா, எங்கள் கொல்லையில் சவுக்கு வெட்டி முடித்துவிட்டோம். கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர், முழுக்க மணல். போன வாரம் நல்ல கோடை மழை. மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) ஓட்டலாமா என்று மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால் மேலே ஒரு விரற்கடை ஈரம், கீழே பொடிமணல். சில இடங்களில் மேலேயே ஈரமில்லை, தண்ணீர் வரப்போரம் ஓடிவிட்டது. சவுக்குச் சருகின் எண்ணெய் மண்ணில் ஏறிவிட்டது, நூறு வருஷம் ஆனாலும் போகாது, கொளுத்தினால்தான் சரியாகும் என்கிறார் பெரியப்பா. உண்மையா?

4 ஜூன் 2023, இரவு

கொளுத்த வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம் தம்பி, முதலில் இதைப் பெரியப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

அவர் பார்த்தது சரி. சருகிலிருந்து வந்த ஒன்றுதான் மணலில் தண்ணீர் ஒட்டாதபடி செய்திருக்கிறது. எண்ணெய் என்பதைவிட மெழுகு என்றால் பொருந்தும். தாமரை இலையிலும் சேப்பங்கிழங்கு இலையிலும் தண்ணீரை உருள வைக்கிறதே, அந்த இனம்தான். எந்தச் செடியும் வெயிலில் காய்ந்து போகாமலிருக்கத் தன் தோல் மேல் இதைப் பூசிக்கொள்கிறது. உயிரோடு இருந்தபோது தண்ணீரை உள்ளே பிடித்து வைத்தது, உதிர்ந்த பிறகு தண்ணீரை மண்ணுக்குள் விடாமல் நிறுத்துகிறது.

மணல் என்பதால்தான் இவ்வளவு தெரிகிறது. மணல் துகள் பெரியது. ஒரு கைப்பிடி மணலின் மொத்த மேற்பரப்பு, ஒரு கைப்பிடி களிமண்ணோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. கொஞ்சம் மெழுகு இருந்தாலே எல்லாத் துகளுக்கும் சட்டை போட்ட மாதிரி ஆகிவிடும். அதே அளவு மெழுகு உங்கள் ஏரி மண்ணில் விழுந்தால் இருக்கும் இடமே தெரியாது.

நூறு வருஷக் கணக்கு வேண்டுமானால் கொஞ்சம் மிகை. ஆனால் மெழுகு சீக்கிரம் மட்காத சரக்கு என்பது உண்மை. சருகில் சர்க்கரை, மாவு, புரதம் எல்லாம் போன பிறகு கடைசியில் தங்குவது இதுதான்.

5 ஜூன் 2023

எப்படிச் சோதிப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆய்வுக்கூடத்திலும் இதேதான் செய்வோம். சருகை ஒதுக்கிவிட்டு மேல்மண் ஒரு கை, ஒரு சாண் கீழே ஒரு கை, சவுக்கே நடாத இடத்தில் ஒரு கை. நிழலில் இரண்டு நாள் உலர்த்தித் தட்டில் பரப்புங்கள். மருந்துப் புட்டியோடு வரும் சொட்டுக்குழாயால் ஒரு சொட்டு விட்டு நேரம் பாருங்கள். 5 நொடிக்குள் உறிஞ்சினால் குறையில்லை. 60 நொடி வரை லேசான தடை. அதற்கு மேல் 10 நிமிடம் வரை கடுமை. அதையும் தாண்டி ஒரு மணி நேரம் வரை மிகக் கடுமை. ஒரு மணி நேரம் தாண்டியும் நின்றால் அதுதான் உச்சம், அதற்கு மேல் வகை கிடையாது.

8 ஜூன் 2023

உங்களைச் செய்யச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்க முடியவில்லை. அம்மா வீட்டுக் கொல்லையின் ஓரத்தில் வெட்டாமல் விட்ட பழைய சவுக்கு நாலு மரம் இருக்கிறது. அதனடியில் மண் எடுத்து வந்து சமையல் மேடையில் தட்டை வைத்துச் சொட்டு விட்டேன். சொட்டு உருண்டையாக நின்றது. கண்ணைத் தட்டளவுக்குக் கொண்டு போய்ப் பார்த்தால் மணல் துகள்கள் ஒவ்வொன்றாக அதன் மேல் ஏறி ஒட்டிக்கொள்கின்றன. தட்டை லேசாகச் சாய்த்தேன். மணல் போர்த்திய சொட்டு கோலிக்குண்டு மாதிரி உருண்டு ஓரத்துக்கு வந்தது, உடையவில்லை. 14 நிமிடம் கழித்துத்தான் சட்டென்று உள்ளே போனது. இருபது வருஷமாக இந்தச் சோதனையைச் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அதே கொல்லையில் மல்லாட்டை போடும் பக்கத்து மண் ஒரே நொடியில் குடித்துவிட்டது.

11 ஜூன் 2023

உங்கள் கணக்கு வந்தது. அடிக்கட்டையருகே 3 நிமிடம், ஒரு சாண் கீழே உடனே, வண்டிப்பாதையில் உடனே. அப்படியானால் தடை மேல்மண்ணில் மட்டும்தான் இருக்கிறது. இது நல்ல செய்தி.

18 ஜூன் 2023

கொஞ்சம் உள்ளே போகலாம். இந்த மெழுகு என்ன, அதை யார் தின்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இலையின் தோலில் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று கியூட்டின். 16, 18 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னிய வலை. அந்த வலைக்குள்ளும் அதன் மேலும் பூசியது மெழுகு. மெழுகில் நீளச் சங்கிலி ஆல்கேன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை), ஆல்கஹால்கள், அமிலங்கள், எஸ்டர்கள். எந்தச் செடியில் எது அதிகம் என்பது இனத்துக்கு இனம் மாறும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றைப்படைக் கணக்கு. செடி கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்துக் கட்டுகிறது, ஆகவே எப்போதும் இரட்டைப்படை: 28, 30, 32. அதில் ஒரு கார்பனைக் கழித்துத்தான் ஆல்கேன் ஆக்குகிறது. அதனால் இலை மெழுகில் 27, 29, 31, 33 கார்பன் ஆல்கேன்கள் ஓங்கி நிற்கும், இடையிலுள்ள 28, 30 குட்டையாகத் தெரியும். மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் கருவி வரையும் படம் தாளின் மேல் ஒரு நெட்டை ஒரு குட்டையாக வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நிலத்தடியிலிருந்து எடுக்கும் பெட்ரோலியத்தில் இந்தப் பாகுபாடே இருக்காது, எல்லாம் சமமாக வரும். ஆகவே மண்ணில் டீசல் சிந்தியதா, இலை மட்கியதா என்பதைப் படத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

சரி, இதைத் தின்பது யார்? பாக்டீரியாவும் பூஞ்சையும். ஆல்கேன் சங்கிலியில் பிடித்துக்கொள்ள ஓர் இடமும் இல்லை, இரு முனையும் மழுங்கல். முதலில் ஒரு நொதி வந்து முனையில் ஓர் ஆக்சிஜனைச் செருகுகிறது. அப்போது அது ஆல்கஹால். பிறகு ஆல்டிஹைடு, பிறகு கொழுப்பு அமிலம். அமிலமாகிவிட்டால் வழி தெரிந்த வீடுதான். நம் உடம்பு நெய்யை எரிப்பது போலவே இரண்டிரண்டு கார்பனாக நறுக்கித் தின்றுவிடும். கஷ்டமெல்லாம் முதல் கடியில்தான், அதற்குக் காற்று வேண்டும். தண்ணீர் கட்டி நிற்கும் சதுப்பில் மெழுகு தங்கிப் போவது இதனால்தான்.

கியூட்டின் வலையை வெட்டக் கியூட்டினேஸ் என்று தனி நொதி இருக்கிறது. உயிருள்ள இலைக்குள் நுழைய நோய்ப் பூஞ்சைகள் வைத்திருக்கும் அதே ஆயுதம்.

2 ஜூலை 2023

ஜூன் 4 அன்று எழுதியதைத் திருத்துகிறேன். மெழுகு சீக்கிரம் மட்காத சரக்கு, கடைசியில் தங்குவது அதுதான் என்று எழுதினேன். நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: சில மூலக்கூறுகள் பிறவியிலேயே கடினமானவை, அவை மண்ணில் தங்கும், மென்மையானவை போய்விடும். பழக்கத்தில் கை அதையே எழுதிவிட்டது.

இன்று அப்படிச் சொல்ல முடியாது. கோதுமை போட்ட வயலில் மக்காச்சோளத்தை மாற்றிப் போட்டு ஐரோப்பாவில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. நெல்லும் கோதுமையும் காற்றிலுள்ள கார்பனைப் பிடிக்கும் முறை வேறு, மக்காச்சோளமும் கரும்பும் பிடிக்கும் முறை வேறு. அதனால் கனமான கார்பன் 13 எவ்வளவு கலந்திருக்கிறது என்பது இரண்டிலும் மாறும். பயிரை மாற்றிய நாளிலிருந்து மண்ணில் சேரும் மெழுகுக்குப் புது முத்திரை விழுந்துவிடுகிறது. வருஷா வருஷம் மண்ணை எடுத்துப் பழைய முத்திரை எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்த்தார்கள். பழைய மெழுகு சில பத்தாண்டுகளில் பெரும்பாலும் புதியதாக மாறிக்கொண்டிருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் உட்கார்ந்திருக்கும் என்று நினைத்த சரக்கு இது.

2011இல் நேச்சர் இதழில் பல நாட்டு மண் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை வெளிப்படையாகவே சொன்னது. ஒரு பொருள் மண்ணில் தங்குமா போகுமா என்பதை அதன் மூலக்கூறு அமைப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஈரம், காற்று, அமிலத்தன்மை, களித்துகளோடு ஒட்டியிருக்கிறதா, தின்னும் உயிர் எட்டும் தூரத்தில் இருக்கிறதா, இவைதான்.

தம்பி, உங்கள் பெரியப்பாவுக்கு நான் இப்போது சொல்லும் பதில் இது: மெழுகைத் தின்ன ஆள் இருக்கிறது. உங்கள் மணலில் அந்த ஆளுக்குத் தங்க இடமில்லை. வெயிலில் காய்கிறது, நிழலில்லை, குடிக்கத் தண்ணீரில்லை.

3 ஜூலை 2023

நேற்று விட்டுப் போனது. அமிலத்தன்மைக்கு நல்ல சான்று இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட். 1843 முதல் இன்றுவரை வயல் சோதனை நடக்கும் இடம். அங்கே 1880களில் உழவை நிறுத்திக் காடாக விட்ட இரண்டு துண்டு நிலங்கள் உண்டு. ஒன்று பழங்காலத்தில் நிறையச் சுண்ணாம்பு இட்ட மண். மற்றொன்றில் அது இல்லை, நூறு வருஷத்தில் பி.எச். 7லிருந்து 4 பக்கம் இறங்கிவிட்டது. அமில மண்ணில் நுண்ணுயிர் வேலை மந்தம், கொழுப்புப் பொருள்கள் சேர்ந்து கிடக்கும். ஒரே ஊர், ஒரே மழை. மாறியது மண்ணின் நிலைதான்.

16 ஜூலை 2023

பண்ருட்டிப் பக்கமிருந்து ஒருவர்: முந்திரிக்கொட்டை ஓடு சும்மா கிடைக்கிறது, பாத்தியில் போடலாமா?

பச்சை ஓட்டைப் போடாதீர்கள். அந்த ஓட்டு எண்ணெயும் கொழுப்பு இனம்தான், ஆனால் பீனால் தலையும் 15 கார்பன் வாலும் உள்ள அனகார்டிக் அமிலம் அது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் தோலைப் பொசுக்குவது இதுதான். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையைப் பொசுக்குவது நுண்ணுயிரையும் விடாது, பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் அதற்கு உண்டு. காலத்தில் சிதையும், ஆனால் அதுவரை பாத்தியில் நாற்று இருக்க வேண்டுமே. முந்திரி இலைச் சருகு வேறு விஷயம், அதைத் தாராளமாகப் போடலாம்.

30 ஜூலை 2023

சமையல் எண்ணெய் மண்ணில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு என் வீட்டுக் கதை.

சிக்கு வாடை வந்துவிட்ட நல்லெண்ணெய் ஒரு டின் இருந்தது. அம்மா அதைக் குப்பைக்குழியில் ஊற்றிவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்த எருவைக் கத்தரிப் பாத்தியில் போட்டேன். நட்ட பத்தாம் நாள் அடியிலைகள் மஞ்சள். பூச்சி இல்லை, வேர் நன்றாக இருக்கிறது, தண்ணீரும் குறையில்லை. எண்ணெய் விஷம் என்று அம்மா பயந்துவிட்டார். விஷமில்லை. எண்ணெயில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் கொஞ்சம் ஆக்சிஜனும், தழைச்சத்து துளியும் கிடையாது. இவ்வளவு தீனி கிடைத்ததும் நுண்ணுயிர் பெருகும், உடம்பு வளர்க்கத் தழைச்சத்து வேண்டும், அதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. நாலைந்து வாரத்தில் தீனி தீர்ந்து நுண்ணுயிர்கள் செத்து மட்க ஆரம்பித்ததும், எடுத்ததெல்லாம் திரும்ப வந்தது. கத்தரி கரும்பச்சையாகி நன்றாகவே காய்த்தது. கடலைப் பிண்ணாக்கில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், எண்ணெயோடு புரதமும் சேர்ந்திருப்பதுதான்.

நல்லெண்ணெய் இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்ததையும் சவுக்கு மெழுகு தங்குவதையும் ஒப்பிடுங்கள். நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றே அவற்றைத் தாக்கும், சிக்கு வாடை அதுதான். சங்கிலியும் குட்டை, 18 கார்பன். மெழுகில் 30 கார்பன், இரட்டைப் பிணைப்பு கிடையாது, எந்தப் பக்கமும் வழுக்கும். ஜூலை 2இல் இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்றேன். அமைப்புக்கு வேலையே இல்லை என்று சிலர் எடுத்துக்கொண்டீர்கள். இருக்கிறது. முதல் சில மாதங்களில் அமைப்பின் வேகம் தெரியும். பத்து வருஷக் கணக்கென்று வந்தால் இடம் முந்திக்கொள்ளும்.

வேம்பு பற்றி ஒரு வரி. யூரியா மேல் வேப்பெண்ணெய் பூசுவது, அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவை மந்தப்படுத்த. 2015இல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் இது கட்டாயமானது. அந்தத் தடை நிலையானதாக இருந்தால் மண்ணே கெட்டிருக்கும். வேம்பின் கசப்புப் பொருள்கள் சூட்டு மண்ணில் சில வாரங்களில் பாதியாகிவிடும், வெயிலில் இன்னும் சீக்கிரம். பயிருக்கு வேண்டியதும் சில வாரத் தாமதம்தான்.

20 ஆகஸ்ட் 2023

ஆய்வுக்கூடத்தில் மண்ணிலிருந்து கொழுப்பை எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்ட கல்லூரிப் பெண்ணுக்கு.

உலர்த்திச் சலித்த மண்ணைக் காகிதக் குழலில் போட்டு, சாக்ஸ்லெட் என்ற கண்ணாடி அமைப்பில் வைத்து, கீழே கரைப்பானைக் கொதிக்க விடுவோம். ஆவி மேலே போய்க் குளிர்ந்து மண்ணின் மேல் சொட்டும், குழல் நிறைந்ததும் தானே வடிந்து இறங்கும், மறுபடி கொதிக்கும். ஒரு நாள் முழுக்க இது நடக்கும். முடிவில் குடுவை அடியில் பழுப்பு நிறப் பிசுக்கு மிஞ்சும். நல்ல மண்ணில்கூட அங்ககப் பொருளில் நூற்றுக்குச் சில பங்குதான் இது. அந்தப் பிசுக்கைப் பிரித்துக் கருவிக்குள் ஊசியால் செலுத்தினால் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கோடு போடும்.

வெறும் கையால் மண்ணைத் தொடாதே, உன் தோல் எண்ணெயும் படத்தில் வந்துவிடும். பிளாஸ்டிக் பையில் போடாதே. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பதினெட்டு இடத்து மண்ணைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பைகளில் கட்டி வெயிலில் பேருந்தில் கொண்டு வந்தேன். படத்தில் பையின் நெகிழூட்டிப் பொருள் மலை மாதிரி எழுந்து நிற்கிறது, அதன் காலடியில் என் இலை மெழுகு. அத்தனையும் வீண். அன்றிலிருந்து அலுமினியத் தாள், கண்ணாடிக் குப்பி, இரண்டுதான்.

17 செப்டம்பர் 2023

பக்கத்துக் கொல்லைக்காரர் கொளுத்திவிட்டார் என்று தம்பி எழுதியிருக்கிறார். படமும் வந்தது. மேலே கரி கலந்த சாம்பல் நிறம், மழை இறங்குகிறது, பார்த்தாயா என்று பெரியப்பா கேட்கிறாராம்.

மேல் மண்ணைச் சுரண்டிவிட்டு இரண்டு விரற்கடை கீழே சொட்டு விட்டுப் பாருங்கள்.

காரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மலைப்புதர்களில் தீ பிடித்த பிறகு மழையில் சரிவுகள் கரைந்து ஓடியதை 1960களில் ஆராய்ந்தவர்கள் கண்டது இது. சருகு எரியும்போது மெழுகில் ஒரு பங்கு எரிந்துபோகும், ஒரு பங்கு ஆவியாகும். அந்த ஆவி மேலே மட்டும் போவதில்லை, மண் இடுக்கு வழியே கீழேயும் இறங்கும். கீழே மண் குளிர்ச்சி, அங்கே படிந்து துகள்களின் மேல் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூடு கண்ட மண்ணில் தண்ணீர்த் தடை முன்னைவிடக் கூடும். சுமார் 280 டிகிரி தாண்டினால்தான் அழியும். சருகுத் தீயில் மேற்பரப்பு அந்தச் சூட்டை எட்டலாம், இரண்டு விரற்கடை கீழே எட்டாது. ஆகவே மேலே நன்றாகிவிட்ட மாதிரி தெரியும், தடை கீழே மறைந்து உட்கார்ந்திருக்கும். விதைத்த பிறகுதான் தெரியவரும்.

19 செப்டம்பர் 2023

சோதித்தார்கள். மேலே உடனே, இரண்டு விரற்கடை கீழே 20 நிமிடம் தாண்டியும் சொட்டு நின்றதாம். பெரியப்பா கூடவே உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் டிராக்டருக்குச் சொல்லிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். ஏரி வண்டல் அடிக்க.

அவருக்கு என் வணக்கம். அவர் கண் பார்த்த குறைதான் இந்தப் பேச்சுக்கே தொடக்கம்.

24 செப்டம்பர் 2023

வண்டல் ஏன் என்று விவரமாக எழுதவில்லை. தென் ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இலட்சக்கணக்கான ஹெக்டேர் கோதுமை மணல் இதே நோயில் கிடக்கிறது. அங்கே விவசாயிகள் அடியிலுள்ள களிமண்ணைத் தோண்டி மேலே பரப்பிக் கலக்கிறார்கள். களித்துகளின் மேற்பரப்பு பெரியது, மெழுகைத் தன் பக்கம் இழுத்துப் பங்கு போட்டுவிடும், மணலின் சட்டை கிழியும். ஈரமும் நிற்கும், நுண்ணுயிரும் தங்கும். சுண்ணாம்பு இட்டால் மெழுகு தின்னும் பாக்டீரியா பெருகுகிறது என்றும் அங்கே பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊரில் கோடையில் ஏரி வண்டல் அள்ளிக் கொல்லைக்கு அடிப்பது பாட்டன் காலத்து வேலை. மணல் கொல்லைக்கு வண்டல், களிக்கு மணல் என்று கணக்காகச் செய்தவர்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வண்டலை மேலே பரப்பி அப்படியே விட்டால் காய்ந்து ஓடு கட்டும். ஆழ உழுது கலந்துவிட வேண்டும். ஏரியில் தண்ணீர் வருவதற்குள் அடித்துவிடுங்கள், இன்னும் சில வாரம்தான்.

22 அக்டோபர் 2023

மழை இன்னும் பிடிக்கவில்லை. வேறொன்று பேசலாம்.

வண்டல் அடித்த பிறகு ஆட்டுக்கிடை போடலாமா என்று கேட்டார் தம்பி. போடுங்கள். கிடையும் கொழுப்பு மூலக்கூறாக மண்ணில் எழுதி வைக்கப்படும்.

எல்லாச் செடியிலும் சிட்டோஸ்டெரால் என்று ஒன்று உண்டு, நம் உடம்பின் கொலஸ்ட்ராலுக்குத் தாவரப் பங்காளி. மண்ணில் அது மட்கினால் ஒரு வடிவம் அதிகம் கிடைக்கும். ஆட்டின், மாட்டின் வயிற்றில் காற்றில்லாத இடத்தில் பாக்டீரியா அதன் மேல் ஹைட்ரஜனைச் சேர்க்கும்போது அதன் கண்ணாடிப் பிம்பம் போல வளைவு மாறிய இன்னொரு வடிவம் வரும். மண்ணில் இந்த இரண்டாவது கூடுதலாக இருந்தால் அங்கே சாணமோ புழுக்கையோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கொலஸ்ட்ராலிலிருந்து வரும் கோப்ரோஸ்டனால் மனிதக் கழிவைக் காட்டும். கிரீட் தீவை ஒட்டிய ப்சீரா என்ற குட்டித் தீவில், மூவாயிரம் வருஷத்துக்கும் முந்தைய மினோவன் காலப் படிவயல்களில் எரு இட்டிருந்தார்கள் என்று இந்த மூலக்கூறுகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சாணம் மட்கி மண்ணாகி யுகமாகிறது. களித்துகளில் ஒட்டிய அந்தச் சில துளி மட்டும் இருந்திருக்கிறது.

பனிவரகுக்கும் இப்படி ஒரு கையெழுத்து உண்டு, மிலியாசின் என்று பெயர். பிரான்சில் ஆல்ப்ஸ் அடிவாரத்து பூர்ஷே ஏரியின் அடிச்சேற்றில் அது கி.மு. 1700 பக்கத்து அடுக்கிலிருந்து தென்படத் தொடங்குகிறது. அந்த மலையோரத்தில் அப்போது பனிவரகு விதைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். விதை கிடைக்கவில்லை, தாள் கிடைக்கவில்லை, ஒரு மூலக்கூறு போதுமாக இருந்தது. நாம் தின்னும் தானியம் அது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

23 அக்டோபர் 2023

நேற்றைய குறிப்பில் கண்ணாடிப் பிம்பம் என்றது தவறு. கண்ணாடிப் பிம்பம் என்றால் வேதியியலில் வேறு அர்த்தம். ஒரே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின் மறுபக்கத்தில் அமர்கிறது, அதனால் வளையம் மடங்கும் விதம் மாறுகிறது, அவ்வளவுதான். எழுதியதை அழிக்கவில்லை, திருத்தம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

26 நவம்பர் 2023

மழை. அம்மா வீட்டுச் சவுக்கடிக்கு இன்று காலை போனேன். ஜூனில் 14 நிமிடம் நின்ற அதே இடம். தோண்டினால் முழங்கை ஆழம் ஈரம். இப்போது சொட்டு விட்டால் உடனே போகிறது. மெழுகு போய்விட்டதா? இல்லை. இந்த மூலக்கூறுகளில் பலவற்றுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்றும் வெறுக்கும் வால் ஒன்றும் உண்டு. மண் காய்ந்தால் தலை துகளைப் பிடித்துக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நாள்கணக்கில் நனைந்தால் மெதுவாகப் புரண்டு தலையை வெளியே காட்டும். அதனால்தான் ஐப்பசி கார்த்திகையில் இந்தக் குறை யார் கண்ணுக்கும் படாது, சித்திரையில் திரும்பி வரும். உலர்ந்த மண்ணில் சோதிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

ஆனால் இந்த ஈரமான நாள்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது. சருகுப் போர்வையை ஒரு பக்கம் தூக்கினேன். மேலே பழுப்பு, அடுத்து கறுப்பு, அதற்குக் கீழே சவுக்கு ஊசிகளை ஒன்றோடொன்று தைத்த மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. ஓர் ஊசியை எடுத்து நகத்தால் கீறினேன், தோல் பட்டையாக உரிந்து வந்தது, உள்ளே ஒன்றுமே இல்லை, காலிக்குழல். உள்ளிருந்ததைத் தின்றுவிட்டு இப்போது தோலில் இருக்கிறார்கள். பூஞ்சை இழைக்கு ஒரு வசதி, ஈரமும் தழைச்சத்தும் கீழ் மண்ணிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து காய்ந்த சருகைத் தின்னும். பாக்டீரியாவால் அது முடியாது.

கொளுத்தியிருந்தால் முதலில் போவது இந்த வெள்ளை இழைதான்.

14 ஜனவரி 2024

தம்பி வீட்டில் வண்டல் கலந்த அரை ஏக்கரில் மல்லாட்டை விதைத்துவிட்டார்கள், மீதியில் சருகை மடக்கி உழுது கிடை போட்டு விட்டிருக்கிறார்கள். சருகை மூடாக்காக மேலேயே விடலாமா, மடக்கி உழலாமா என்று இருவர் வாதாடியதைப் பார்த்தேன். மணலில் முதல் வருஷம் மடக்கி உழுவதையே நான் சொல்வேன், ஈரத்தோடும் மண்ணோடும் ஒட்ட வேண்டும் என்பதால். மண் ஈரம் பிடிக்க ஆரம்பித்த பிறகு மூடாக்கு போடலாம்.

வேரைப் பற்றி யாருமே கேட்கவில்லை. சவுக்கு வேரின் தோலில் சூபெரின் என்று கியூட்டினின் உறவு ஒன்று இருக்கிறது, சங்கிலி இன்னும் நீளம், பீனால் பொருளும் கலந்தது. இலையை விட வேரின் கார்பன் மண்ணில் அதிக காலம் தங்குகிறது. ஆழத்தில் இருப்பதும் துகளோடு நெருக்கமாகப் பிணைவதும் முக்கியக் காரணங்கள். அது தங்குவதில் நமக்கு நஷ்டமில்லை, மேல்மண்ணில் தண்ணீரை மறிக்காது, கார்பன் நிலத்திலேயே இருக்கும். அடிக்கட்டையை ஜேசிபி வைத்துப் பிடுங்கச் செலவு செய்யாதீர்கள்.

31 மார்ச் 2024

கொல்லை காய்ந்துவிட்டது. சோதிக்கச் சரியான நேரம். மூன்று மண்ணையும் பொட்டலமாகக் கட்டித் தம்பியே கொண்டு வந்து கொடுத்தார், அலுமினியத் தாளில்.

வண்டல் கலந்த மண்: 2 நொடி. சருகு மடக்கி உழுது கிடை போட்டது: 25 நொடி. ஒன்றும் செய்யாமல் விட்ட மூலை: 3 நிமிடம் 10 நொடி, போன ஜூன் மாதிரியே.

25 நொடியை இன்னும் இரண்டு முறை பார்த்தேன், 22, 31. அடுத்த சித்திரையிலும் இதே இடத்து மண் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மல்லாட்டை இன்னும் பத்து நாளில் பிடுங்குகிறார்கள், பெரியப்பா ஒரு மரக்கால் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாராம்.